கொஞ்சந்தானே...

பதிவு நீளம்தான். டீச்சர் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார் என்பது உங்களுக்கே தெரியும். ஆற அமரப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ வந்தது. பத்து வயதுகூட இருக்காது. தலையில் பெரிய ஹெல்மெட்டோடு ஒரு பிள்ளை, தரையோடு தரையாக ஒரு குட்டி வண்டியில் பறக்கிறது. அதற்குக் கீழே நம் ஆட்கள் எழுதியவை: "பெத்தவங்களுக்கு மூளை இருக்கா?" "எல்லாம் பணத்திமிரு." "ஏதாச்சும் ஆயிருச்சுன்னா யாரு பொறுப்பு?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்றால் நானும் இதைத்தான் எழுதியிருப்பேன். இப்போது எழுத மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் இப்போது கோயம்புத்தூரில் இந்தக் குட்டிக் கார் பந்தய அணி ஒன்றில் மெக்கானிக்காக இருக்கிறான். பெயர் போடாதீங்க டீச்சர் என்று சொல்லிவிட்டான். அவன் செட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு துப்பு மட்டும்: வாய்ப்பாடு வராது, ஆனால் பள்ளிக்கூடத்து அடிபம்பு மக்கர் செய்தால் அவனைத்தான் கூப்பிடுவோம். நான் மகள் வீட்டுக்குக் கோவை போயிருந்தபோது தேடி வந்தான். "ஒருநா வந்து பாருங்க டீச்சர், நான் என்ன வேல பாக்கேன்னு தெரியணும்ல" என்றான். மறுக்க முடியவில்லை.

செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று ஒரு பந்தயப் பாதை இருக்கிறது. கரிவரதன் என்ற கோவைக்காரரின் நினைவாக வைத்த பெயர். மாருதி என்ஜினைப் போட்டு நம் நாட்டிலேயே குறைந்த செலவில் பந்தயக் கார் செய்தவர் அவர். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் காட்டிய வழியில் வளர்ந்த ஊர் என்பதால்தான் கோவைக்குப் பந்தயம் இவ்வளவு பழக்கம். ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைதான்.

முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் கார்ட். 1956-ல் அமெரிக்காவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்தின் என்ஜினை ஒரு இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி ஓட்டியதில் ஆரம்பித்தது. இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். கூரை கிடையாது, கதவு கிடையாது, ஸ்பிரிங் கிடையாது, சீட் பெல்ட்கூடக் கிடையாது. பின்னால் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகி இருக்கும். அதனால் வளைவில் உள்பக்கச் சக்கரம் லேசாகத் தூக்கினால்தான் வண்டி திரும்பும். நம் பிள்ளைகள் ஓட்டும் போட்டிகளில் பெரும்பாலும் ஆஸ்திரியாவின் ரோட்டக்ஸ் என்ஜின், 125 சி.சி. சின்ன வயதுப் பிரிவுகளுக்கு வேகம் கட்டுப்படுகிற மாதிரி அதில் அடைப்பு வைத்துவிடுகிறார்கள். என்ஜினை யாரும் பிரித்து வேலை காட்டிவிடாதபடி சீல் வைத்திருக்கும். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை எல்லாரும் ஒரே வரிசையில் நின்றுதான் புறப்படுகிறார்கள்.

அவன் பார்த்துக்கொள்ளும் வண்டியை ஓட்டுகிறவன் ஆறாம் வகுப்புப் பையன். பதினோரு வயது. திங்கள் முதல் வியாழன் வரை பள்ளிக்கூடம். போட்டி இருக்கிற வாரம் வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் பயிற்சி. சனிக்கிழமை தகுதிச் சுற்று, சின்னச் சின்ன ஓட்டங்கள். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஓட்டம். ஒரு வருஷத்தில் இப்படி ஐந்து வாரக் கடைசிகள். எல்லாவற்றிலும் வாங்கிய புள்ளிகளைக் கூட்டித்தான் சாம்பியன். இதை அவர்கள் "சீசன்" என்கிறார்கள். நமக்கும் இந்தச் சொல் நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

காலையில் போனதும் நான் பார்த்தது வேகத்தை அல்ல, சோதனையை. வண்டியின் பிரேக், ஸ்டியரிங் கம்பி, போல்ட் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பிள்ளையின் ஹெல்மெட், கையுறை, கழுத்துப் பட்டை, விலா எலும்புக்குப் போடும் கவசம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார்கள். ஆம்புலன்ஸ் நிற்கிறதா, டாக்டர் இருக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் பாதையைத் திறந்தார்கள். பிறகு எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்துக் கொடிப் பாடம். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். நீலம் என்றால் பின்னால் வேகமான ஆள் வருகிறார். கறுப்பு என்றால் நீ வெளியே வா. முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்தியவள் சொல்கிறேன், அவ்வளவு கவனமாகக் கேட்கிற வகுப்பு எனக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை.

நான் போனது அந்தச் சீசனின் மூன்றாவது சுற்று. முதல் சுற்றில் பையன் ஒன்பதாவது. இரண்டாவதில் வண்டி பாதியில் நின்றுவிட்டது. அன்றைக்கு ஞாயிறு இறுதி ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தான்! அவன் அம்மா அழுதுவிட்டார். நானும் எழுந்து நின்று கை தட்டினேன்.

ஓட்டம் முடிந்ததும் நேரே தராசு. ஓட்டுகிறவரையும் வண்டியையும் சேர்த்து இவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. ஒல்லிப் பிள்ளை எடை குறைவால் முந்திவிடக் கூடாது அல்லவா, அதற்காக. குறைந்தால் சீட்டில் ஈயக்கட்டி வைத்துச் சரிக்கட்ட வேண்டும். பையன் வண்டியோடு ஏறினான். நானூறு கிராம் குறைவு.

அவ்வளவுதான். தகுதி நீக்கம். இரண்டாவது இடம் போயிற்று, கோப்பை போயிற்று, அந்த ஓட்டத்தின் புள்ளியும் போயிற்று.

நான்தான் முதலில் வாய் திறந்தேன். "நானூறு கிராம் கொஞ்சந்தானேப்பா? பச்சப்பிள்ள, விடக்கூடாதா?"

அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாமல் நின்ற பையனை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி. "இன்னிக்கு நானூறு கிராம விட்டா அடுத்த வாரம் ரெண்டு கிலோ வரும் டீச்சர். அப்புறம் பிரேக்கு வரும். அப்புறம் ஹெல்மெட்டு வரும். கொஞ்சந்தானேன்னு சொல்ல ஆரம்பிச்சா எங்க போயி நிக்கிறது? என் தப்புதான். பையனுக்கு ரெண்டு நாளா காய்ச்சல், ஒழுங்காச் சாப்பிடல. காலையில ஒரு தடவ நிறுத்துப் பாத்திருக்கணும்."

பையனிடம் போய் அதையே சொன்னான். பையனின் அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. யாரும் யாருக்கும் போன் போடவில்லை. நம் ஊரில் இது நடக்குமா என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

இதைவிடப் பெரிய கதை ஒன்றையும் அன்று சாயங்காலம் அவன் சொன்னான். பிறகு நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். 2005 ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் ஃபார்முலா ஒன் பந்தயம். பயிற்சியில் ஒரு கார் சுவரில் மோதியது. ஒரு குறிப்பிட்ட வேக வளைவில் தங்கள் டயர் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று மிஷெலின் நிறுவனமே ஒத்துக்கொண்டது. அந்த டயர் போட்ட 14 கார்களும் ஒரு சுற்று மெதுவாக வந்துவிட்டுப் பந்தயம் தொடங்கும் முன்பே உள்ளே திரும்பிவிட்டன. லட்சம் பேருக்கு மேல் காசு கொடுத்து உட்கார்ந்து கூச்சல் போட்டார்கள். ஆனாலும் ஓட்டவில்லை. மீதி 6 கார்கள்தான் ஓடின. அதில் நான்காவதாக வந்து 5 புள்ளி வாங்கினார் நம் நரேன். இந்தியர் ஒருவர் ஃபார்முலா ஒன்னில் புள்ளி வாங்கியது அதுதான் முதல் தடவை.

நமக்கு நரேனின் பெருமை முக்கியம்தான். ஆனால் எனக்கு அந்த 14 பேர்மேல்தான் மதிப்பு அதிகம். கோடிக்கணக்கில் பணம் புரளுகிற இடம். ஒரு வளைவுதானே, சமாளித்துவிடலாம் என்று அங்கே விடவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை, விஜயகரிசல்குளம் பக்கம் "சீசன்" என்றால் தீபாவளிக்கு முந்தைய மாதங்கள். ஓர் அறையில் நாலு பேர்தான் இருக்க வேண்டும் என்பது விதி. சீசன் வந்தால் ரெண்டு பேர் கூடுதல்தானே. மருந்துக் கலவையைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். ஆர்டர் இருக்கு, இன்னும் கொஞ்சந்தானே. அறைக்குள் வைத்து வேலை பார்க்க வேண்டியதை வெயிலில், மரத்தடியில், இன்னைக்கு மட்டுந்தானே. உராய்வுக்கு இந்தக் கொஞ்சமும் கூடுதலும் தெரியாது. இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்ததில்லை. உங்கள் வீடுகளில் துக்கம் கேட்கப் போய் உட்கார்ந்தபோது தெரிந்துகொண்டது.

2012 செப்டம்பர் 5-ஐ நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஆசிரியர் தினம். பிள்ளைகள் எனக்குப் பேனா கொடுத்துக்கொண்டிருந்த நாளில்தான் முதலிப்பட்டிச் செய்தி வந்தது. ஏறத்தாழ 40 பேர். அதில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே இல்லை. முதல் வெடி கேட்டதும் உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடியவர்கள். அடுத்த வெடி அவர்களை எடுத்துக்கொண்டது.

செட்டிபாளையத்தில் ஒரு வண்டி சுழன்று புல்வெளிக்குப் போனபோது அந்தப் பிள்ளையைப் பெற்ற அம்மாகூட வேலியைத் தாண்டவில்லை. மஞ்சள் கொடி எழும்பியது, மற்ற வண்டிகள் மெதுவாயின, அதற்கென்று பழகிய இரண்டு பேர் மட்டும் போனார்கள். அந்தத் தாயின் கை வேலிக்கம்பியைப் பிடித்திருந்த இறுக்கத்தைப் பார்த்தேன். ஓடாமல் நிற்பது சும்மா வந்துவிடாது, பழக வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதலிப்பட்டிக்கு ஓடியவர்கள் நல்ல மனசுக்காரர்கள். அவர்களுக்கு மஞ்சள் கொடியை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்காதவர்களில் நானும் ஒருத்தி.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இதை இதுவரை எழுதியதில்லை.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது, எண்பதுகளின் நடுப்பகுதி. விடியும் முன்பே தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகள் கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். இருட்டில் தூங்கிக்கொண்டே ஏறுவார்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் வண்டி வந்தது. என் வகுப்பில் நான்காவது படித்த ஒரு பெண் பிள்ளை. கணக்கில் கெட்டி. அவள் அம்மா வந்து, "சீசன் முடிய ரெண்டே மாசந்தான் டீச்சர், கடன் இருக்கு, பேர மட்டும் அடிச்சிராதீங்க" என்றார். கொஞ்ச நாள்தானே என்று நினைத்தேன். வருகைப் பதிவேட்டில் அவள் வந்ததாகக் குறித்துக்கொண்டே இருந்தேன். உதவி செய்வதாகத்தான் நினைப்பு. ரெண்டு மாசம் முடிந்தது, அவள் வரவில்லை. பொங்கல் போயிற்று, வரவில்லை. பிறகு வரவே இல்லை. அவள் இன்று பாட்டி. கடைவீதியில் பார்த்தால் "நல்லாருக்கீங்களா டீச்சர்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பையனின் நானூறு கிராமுக்குக் கறாராக நின்ற அதிகாரி மாதிரி நான் அன்று அந்தப் பதிவேட்டில் நின்றிருக்க வேண்டும். இரக்கம் என்று நினைத்துச் செய்தது இரக்கமில்லை.

வீடியோவுக்குக் கீழே நீங்கள் எழுதியதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, ஆபத்து. 2023 ஆகஸ்ட் 5-ம் தேதி சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பாதையில் நடந்த பைக் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த ஸ்ரேயஸ் ஹரீஷ் என்ற பிள்ளை விழுந்து இறந்துபோனான். 13 வயது. ஹெல்மெட்டும் கவசமும் கொடியும் ஆம்புலன்ஸும் இருந்த இடத்தில்தான் இது நடந்தது. அன்று மீதியிருந்த ஓட்டங்களையும் மறுநாள் போட்டிகளையும் ரத்து செய்தார்கள். விதி இருந்தால் சாவே வராது என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனை வயதில் எவ்வளவு வேகம் என்ற கேள்வியை அந்த விளையாட்டுக்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டு, பணம். ஒரு சீசனுக்கு லட்சக்கணக்கில் போகிறது. வண்டி இறக்குமதி, டயர் இறக்குமதி. மைக்கேல் ஷூமாக்கரின் அப்பா கொத்தனார், மொபெட் என்ஜினைப் பொருத்தி மகனுக்கு வண்டி செய்து கொடுத்தார் என்று சொல்வார்கள். லூயிஸ் ஹாமில்டனின் அப்பா மகனுக்காக ஒன்றுக்கு மேல் வேலை பார்த்தார். உண்மைதான். ஆனால் அப்படி மேலே வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். வெம்பக்கோட்டைப் பிள்ளைக்கு அந்த வழி இன்றைக்கு இல்லை. என் மாணவன் அந்த வண்டியைப் பிரித்து மாட்டுகிறான். அவன் மகன் அதில் உட்கார மாட்டான். இது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்கு உறுத்துவது இதுதான். வசதியான வீட்டுப் பிள்ளை ஆபத்தோடு விளையாடப் போனால் டாக்டர், ஆம்புலன்ஸ், மூன்று தடவை சோதனை. வசதியில்லாத வீட்டுப் பிள்ளை ஆபத்தோடு வேலை செய்யப் போன காலத்தில் அவளைச் சோதித்துப் பார்த்தது யார்? இன்று ஆலைகளில் பிள்ளைகள் வேலை செய்வது பெரும்பாலும் நின்றுவிட்டது, நல்லது. ஆனால் அவர்களின் அப்பா அம்மா உள்ளே இருக்கிறார்களே. அந்தப் பதினோரு வயதுப் பையனுக்குக் கிடைக்கிற காவலில் பாதியாவது அவர்களுக்குக் கிடைக்க வேண்டாமா? பந்தயக்காரர்களைப் பார்த்துப் பணத்திமிர் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அவர்கள் காட்டுகிற கவனத்தை நாமும் கேட்டு வாங்குவதுதான் கஷ்டம்.

வேகம் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இன்னொரு கேள்வி. நம் சிவகாசி ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்று பாருங்கள். பத்தாவது படிக்கிறவன் அப்பாவின் பைக்கில், பின்னால் இரண்டு பேரை வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டை டேங்கில் மாட்டிக்கொண்டு போகிறான். எதிரில் லாரி. அவனுக்கு மஞ்சள் கொடி காட்ட யாரும் இல்லை. "டியூஷனுக்குத்தான் போறான், கொஞ்ச தூரந்தானே" என்று சாவியைக் கொடுத்தது நீங்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி வயது வராத பிள்ளை இப்படி வண்டி ஓட்டிச் சிக்கினால் பெற்றவருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. வீடியோவில் பார்த்த பிள்ளையின் பெற்றோருக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டவர்கள் இதற்கும் ஒரு பதில் எழுதுங்கள்.

உங்களில் பலர் இன்று பொறுப்பான இடங்களில் இருக்கிறீர்கள். சிலர் போர்மேன். சிலர் சொந்தமாகச் சின்ன ஆலை வைத்திருக்கிறீர்கள். சிலர் டிரைவர். என்னைப் போல டீச்சராக இருப்பவர்களும் உண்டு. டீச்சர் உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

போர்மேன்களே, அறைக்கு நாலு பேர் என்றால் நாலு பேர். ஐந்தாவது ஆளை அனுப்பச் சொல்லி முதலாளி போன் போட்டால் என் மாணவனின் நானூறு கிராம் கதையைச் சொல்லுங்கள். பெற்றவர்களே, பைக் சாவியை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். பையன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான், பிறகு சரியாகிவிடுவான். டீச்சர்களே, வராத பிள்ளைக்கு வந்ததாகப் போடாதீர்கள். அன்று மாலையே அந்த வீட்டுக்கு நடந்து போங்கள். நான் போகவில்லை, அதனால் சொல்கிறேன். மூன்றாவது வெடிச் சத்தம் வரை காத்திருந்து ஓடுவதுதான் வீரம் என்று இல்லை, முதல் சத்தத்திலேயே கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவதும் வீரம்தான் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான்காவது சுற்றில் மழை, எட்டாவது இடம். ஐந்தாவது சுற்றுக்கு நான் மறுபடி போயிருந்தேன். மூன்றாவதாக வந்தான். தராசில் ஏறினான், சரியாக இருந்தது. சீசன் முடிவில் மொத்தத்தில் ஏழாவது. சாம்பியன் ஆகவில்லை.

ஆனால் அன்று காலையில் நான் கவனித்த ஒன்று. புறப்படும் முன்பு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே அந்தப் பையன் என் மாணவனைக் கூப்பிட்டான். "அண்ணா, இன்னொரு தடவை எடை போட்டுடலாமா?" ஏற்கெனவே இரண்டு தடவை போட்டிருந்தார்கள். இவன் சலித்துக்கொள்ளவே இல்லை. "வா தம்பி" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு மறுபடி தராசுக்குப் போனான்.

வாய்ப்பாடு வராத பையன் என்று சொன்னேன் அல்லவா? அவனிடம்தான் இந்தப் பாடத்தை நான் படித்தேன், அறுபது வயதுக்கு மேல்.

எல்லாரும் பத்திரமாக இருங்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு வாருங்கள். வருகிறவர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வாருங்கள். இல்லையென்றால் முறுக்கு கிடையாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்